இன்னும் பச்சை இருக்கு

சாயப்பட்டறைக்கு முன்னறையில் ஜெராக்ஸ் கடை போடக் கூடாது என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். பின்கட்டில் சாயக் கொப்பரை கொதித்தால் ஆவி சந்து வழியாக நேராக என் கடைக்குத்தான் வரும். காகிதம் நமுத்துப்போகும். மெஷின் இரண்டிரண்டு தாளாக இழுத்து, கடைசியில் எதையும் இழுக்காமல் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். வாடகை குறைவு, வீட்டுக்காரரும் நல்ல மனுஷர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். ஆனால் அந்த நோட்டீஸ் வந்த பதினைந்து நாள் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். முழங்கை வரை நீலம் ஏறிப்போன கை. துணிக்கடைக்காரர்கள் ஒரு துண்டுத் துணியை நீட்டி ‘இதே கலர்’ என்றால், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பார். மறுநாள் முப்பது கிலோ துணி அதே கலரில் கொடியில் தொங்கும். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொப்பரையைக் கிளறுவது, துணியை முறுக்கிப் பிழிவது, வேலைக்கு வரும் இரண்டு ஆட்களை அதட்டுவது எல்லாம் அக்காதான். பிள்ளைகள் இல்லை. மாஸ்டருக்குப் பதினாறு வயது இளைய தங்கை ஒருத்தி உண்டு. அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்தது இவர்கள் இரண்டு பேரும்தான். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருக்கிறது. தெருவில் அவளை ஊசி போடாத டாக்டர் என்பார்கள்.

நோட்டீஸை நான்தான் படித்துச் சொன்னேன். பட்டறையிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகும் தண்ணீரில் கழிவு அளவுக்கு மீறி இருக்கிறது. பதினைந்தாம் நாள் மறுபடி சாம்பிள் எடுப்பார்கள். லிட்டருக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டினால் பட்டறையைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். போன முறை எண்ணூற்று எழுபது. இதை அவருக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை படித்தபோது, நானே பூட்டப் போகிறவன் மாதிரி என்னை முறைத்தார்.

“பூட்டுனா நான் எங்க போவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?”

“தங்கச்சிக்கு போன் போடுங்க மாஸ்டர். அவங்க இதைத்தானே படிக்கிறாங்க.”

இதைச் சொன்னவன் நான்தான். என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவள் ஒரு துணிப்பை, ஒரு தகர டப்பா சகிதமாக வந்து இறங்கினாள். காலேஜில் ரெண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். டப்பாவுக்குள் வெள்ளை வெளேரென்று பொடி. என் கடை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். நான் அவசரமாகக் காகிதக் கட்டை நகர்த்தினேன்.

“இதைத் தண்ணில கலக்கி வெயில்ல வைக்கணும். அவ்வளவுதான்” என்றாள்.

“வச்சா?” என்றார் மாஸ்டர்.

“வெயில் பட்டதும் பொடிக்கு வேகம் வரும். சாயத்தைத் துண்டு துண்டா வெட்டும். வெட்டி வெட்டிக் கடைசில காத்தும் தண்ணியுமா ஆக்கிடும்.”

“அப்புறம் பொடி தீந்துடுமா?”

“தீராது. வேலையைத் தூண்டி விடும், தான் அப்படியே இருக்கும். அடில படிஞ்சதும் வழிச்சு எடுத்து மறுபடி போடலாம்.”

“நம்ம ஜெராக்ஸ் மாதிரி” என்றார் மாஸ்டர். “எல்லாரையும் தூண்டி விட்டுட்டு இவன் உக்காந்த இடத்துலயே இருப்பான்.”

அக்கா சிரித்தாள். அந்தப் பதினைந்து நாளில் அந்த வீட்டில் ஒருவர் மனம் விட்டுச் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

தகரத்தை மடக்கித் தட்டுகள் செய்தார்கள். ஆள் படுக்கிற நீளம், நான்கு விரல் ஆழம், உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு. மொட்டை மாடியில் ஆறு, பின்கட்டு சிமெண்டுத் தரையில் ஆறு. ஒவ்வொரு தட்டிலும் மீன் தொட்டிக்கு வைக்கிற காற்றுக் குழாய் ஒன்று குமிழ் விட்டுக்கொண்டிருக்கும், பொடி படியாமல் சுற்றிக்கொண்டிருக்க. தண்ணீரை ஒரு சொட்டு சாக்கடையில் விடக் கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அந்த வாரம் கொப்பரை ஏற்றவில்லை. நோட்டீஸ் வந்த அன்று டிரம்களில் பிடித்து வைத்திருந்த பழைய சாயத் தண்ணீரைத்தான் தட்டுகளில் ஊற்றினார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

“காலேஜ்ல மூணு மணி நேரத்துல வெளுத்துச்சு. இங்க வெயில் ஜாஸ்தி. ரெண்டரைல ஆயிடும்” என்றாள்.

மதியம் ஒரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தவள் அங்கிருந்தே கத்தினாள். ஆறு தட்டுக்கும் மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது.

“யாரு கட்டுனது இது?”

மாஸ்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். “நான்தான். உச்சி வெயில். சாயம் வெளுத்துப் போயிடாதா?”

“அண்ணா, வெளுக்கத்தானே வச்சிருக்கோம்!”

அவர் முப்பது வருஷமாகச் சாயம் போட்ட எதையும் உச்சி வெயிலில் விட்டுவைக்காதவர். கை தானாகப் போய்த் தார்ப்பாயை எடுத்துக் கட்டியிருக்கிறது. என்னிடம் வந்து, “பழக்கம்டா” என்று முணுமுணுத்துவிட்டுப் போய் அவிழ்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அரை நாள் வெயில் போச்சே என்று கோபமும் வந்தது.

தார்ப்பாய் இல்லாமல் மறுநாள் முழுக்க வெயில் காய்ந்தது. தண்ணீர் கத்தரிப்பூ நிறத்திலேயே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பொடியை இரண்டு மடங்காக்கினாள். காற்றுக் குழாயைக் கூட்டினாள். வெயிலை அளக்க ஒரு கருவி வைத்திருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். தட்டு வைத்த மூன்றாம் நாள் சாயந்தரம் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவித்த முட்டையும் ரொட்டியும் அக்கா தட்டில் வைத்து நீட்டியதைப் படியிலேயே உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தாள்.

மாஸ்டர் சும்மா இருப்பாரா? டீக்கடைக்குப் போனார். என் கடை வாசலில் நின்றார். பக்கத்துத் தையல்காரரைப் பிடித்தார். எங்கே போனாலும் ஒரே பாட்டுத்தான்.

“பதினெட்டு வருஷம் படிக்க வச்சேன். தண்ணியை வெயில்ல வைக்கச் சொல்லுது. இதுக்கு எதுக்குப் படிப்பு? எங்க வீட்டு எருமை இருந்தா அதுவே சொல்லும்.”

“உங்க வீட்டுல எருமை இல்லையே மாஸ்டர்.”

“இருந்தான்னுதானே சொல்றேன்.”

பிறகு அவள் வருவாள். “ஜெராக்ஸண்ணா, நீங்களே சொல்லுங்க. அண்ணன் ராத்திரில தண்ணியை மாத்தி ஊத்துறாரா? என்னமோ பண்றாரு. பண்ணாம இப்படி ஆகாது.” நான் எதைச் சொல்ல? இரண்டு பேரும் என் கடைக்கு வந்து இரண்டு பக்கமும் தீர்ப்புக் கேட்டால், இடையில் ஆதார் நகல் எடுக்க வந்தவன் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவான். போனான்.

ஒன்பதாம் நாள் விஷயம் வெளிவந்தது. துணிக்கடைக்காரர் கருநீலத்துக்கு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். இனியும் தள்ள முடியாது என்று அன்றைக்குக் கொப்பரை ஏற்றினார்கள். நான் மின்சாரப் பெட்டியில் ஒரு பியூஸ் போட உள்ளே போயிருந்தேன். தங்கை படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்து, வாய்க்கட்டை அவிழ்த்து, முறத்தால் அள்ளி அள்ளிக் கொப்பரையில் போட்டாள். வெள்ளையாக இருந்தது.

“அண்ணி, அது என்ன?”

“உப்பு.”

“எவ்வளவு போடுறீங்க?”

“முப்பது கிலோ துணிக்குப் பதினெட்டு கிலோ. அப்புறம் சலவைச் சோடா ஒரு ஆறு கிலோ.”

தங்கை எழுந்து நின்றாள். நோட்டு படியில் விழுந்தது.

“பதினெட்டு கிலோவா? என்கிட்ட யாருமே சொல்லலையே.”

“இதுல சொல்ல என்ன இருக்கு? உப்பு போடாம துணியில சாயம் ஏறுமா?”

“அண்ணா! கொப்பரைல என்னென்ன போடுறீங்கன்னு எழுதித் தரச் சொன்னேன்ல? ஜெராக்ஸண்ணா, நீங்கதானே டைப் பண்ணீங்க?”

நான்தான் செய்தேன். கருநீலம், கறுப்பு, இரண்டு வகைச் சிவப்பு, மஞ்சள் என்று பதினொரு சாயம், கம்பெனி நம்பரோடு. உப்பு என்று ஒரு வரி கூட இல்லை. மாஸ்டர் கிளறுகோலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்.

“சாயத்தைத்தான் நீ கேக்குறன்னு நினைச்சேன், சாயத்தை எழுதிக் கொடுத்தேன். உப்பு யார் வீட்டுல இல்ல? அடுப்புக்கு விறகு வைக்கிறேன், அதையும் எழுதணுமா?”

“லிஸ்ட்ல இல்ல, சரி, நீங்க போடுற சாயத்துக்கு உப்பு வேண்டாம் போலன்னு இருந்துட்டேன். அதாண்ணா பிரச்சினை. பொடி வெட்டுறதுக்குக் கையை ஓங்குது. அது சாயத்துக்கிட்ட போறதுக்குள்ள உப்பும் சோடாவும் வந்து கையைப் பிடிச்சுக்குது. ஒரு வாரமா அது உப்போட மல்லுக்கட்டிட்டு இருக்கு.”

“சாயக்காரன் வீட்டுல பொறந்துட்டு உப்பு போடுறது தெரியாதுன்னு சொல்ற. வெளில சொல்லாத, சிரிப்பாங்க.”

அவள் அப்போது பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. குரலை உயர்த்தவே இல்லை.

“யாரு என்னைத் தெரிஞ்சுக்க விட்டா? இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா முதுகுல ரெண்டு வைப்பீங்க. கையில சாயம் பட்டுடும், ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க, போய்ப் படின்னு விரட்டுவீங்க. இதே வீட்டுல இருந்தேன். பதினேழு வயசு வரைக்கும் இந்தச் சந்தைத் தாண்டி நான் வந்ததில்ல. அந்த மூட்டையில என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

மாஸ்டர் கொப்பரையைக் கிளறிக்கொண்டே இருந்தார். அக்காதான், “சரி, இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு” என்றாள்.

செய்ய வேண்டியது சுலபம்தான். உப்பும் சோடாவும் பெரும்பாலும் கொப்பரையிலிருந்து வடிக்கிற முதல் தண்ணீரில் போய்விடும். அதைத் தனியாகப் பிடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு துணியை நான்கு முறை அலசுகிற தண்ணீரை மட்டும் தட்டில் ஊற்ற வேண்டும். முதல் தண்ணீரை அப்புறம் மெதுவாகக் காயவைத்து உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரி, அந்த முதல் தண்ணீரை எங்கே வைப்பது? டிரம் எல்லாம் தட்டிலிருந்து திரும்ப ஊற்றிய பழைய தண்ணீரால் நிறைந்து கிடந்தது. கடைசியில் வீட்டுக் குளியலறைக்குத் தண்ணீர் வரும் கறுப்புத் தொட்டியைக் காலி செய்து அதில் விட்டார்கள். அன்றிலிருந்து குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினாள் அக்கா. சந்தில் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே போவாள்.

“அண்ணனுக்குக் கோபம் வந்தா டீக்கடைக்குப் போறாரு. தங்கச்சிக்குக் கோபம் வந்தா மாடிக்குப் போகுது. எனக்குக் கோபம் வந்தா தண்ணி தூக்கப் போகணும். நல்லா இருக்குல்ல?”

அலசிய தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தபோது, நாலரை மணி நேரத்தில் வெளுத்தது. நானே மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம் சாம்பலாகி, சாம்பல் ஒன்றுமில்லாமல் ஆகி, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பு வரை தெரிந்தது. மாஸ்டர் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“முடிஞ்சுதில்ல? திறந்து விடு” என்றார்.

“முடியலண்ணா.”

“கண்ணு தெரியலையா? கண்ணாடி மாதிரி இருக்கு.”

“கலர்தான் போயிருக்கு. சாயத்தை வெட்டுன துண்டு எல்லாம் இன்னும் தண்ணிலதான் இருக்கு. அந்தத் துண்டுக்குக் கலர் கிடையாது. அதையும் வெட்டி முடிக்க இன்னும் ஒரு நாள் வெயில் வேணும்.”

“கலர் இல்லாத அழுக்கா? யாருகிட்ட கதை விடுற?”

எனக்கும் அது கதையாகத்தான் பட்டது. அவள் பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள் நாலைந்தை எடுத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத் திரவம். தட்டுத் தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடி, காலேஜிலிருந்து கொண்டுவந்த சின்ன அடுப்பில் இரண்டு மணி நேரம் சூடாக்கினாள். தண்ணீரில் அழுக்கு இல்லையென்றால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கும். அழுக்கு இருந்தால் பச்சை தட்டும். எவ்வளவு அழுக்கோ அவ்வளவு பச்சை. கண்ணாடி மாதிரி இருந்த அந்தத் தண்ணீர் விட்ட குழாய், வெந்து முடிந்தபோது பாசி நிறத்தில் இருந்தது.

மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருநூத்தைம்பது எந்தக் கலர்?” என்று கேட்டார்.

அவள் இருநூற்றைம்பதுக்குக் கணக்காகச் செய்த ஒரு குழாயைக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் டீக்கடைக்குப் போவதைக் குறைத்தார். தினமும் காலையிலும் சாயந்தரமும் குழாயை வாங்கி அந்தக் குழாயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, “முன்னூத்தி அறுபது இருக்கும்”, “நானூத்துக்குக் கொஞ்சம் கீழ” என்பார். சரியான எண்ணைக் காட்டும் மீட்டர் காலேஜில் இருந்தது. அவள் குழாய்களைப் பையில் வைத்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பத்துப் பதினைந்துக்கு மேல் அவர் தவறியதில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர, அண்ணன் வாசலில் நின்றபடி சொன்னதையே மீட்டரும் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பதினைந்தாம் நாளுக்கு முந்தின மதியம் கடைசியாகத் தட்டுகளை நிரப்பினார்கள். சாயந்தரத்துக்குள் தண்ணீர் வெளுத்துவிட்டது. மறுநாள் இரண்டு மணிக்குத்தான் சாம்பிள் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் துண்டுகளும் அழிந்துவிடும் என்று தங்கை கணக்குப் போட்டிருந்தாள். காலையில் எழுந்தால் வானம் மூட்டமாக இருந்தது. ஏழு மணிக்கு எடுத்த தண்ணீரைக் குழாயில் விட்டுச் சூடாக்கி, ஒன்பது மணிக்கு எடுத்துத் தாங்கியில் நிறுத்தினாள். நான் கடையைத் திறக்காமல் அங்கேயே நின்றேன்.

ஒன்பதரைக்கு பாட்டிலம்மா வந்துவிட்டாள். அந்த அதிகாரிக்குத் தெருவில் அதுதான் பெயர். ஆறு பாட்டில் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வருவாள். சிரிக்கவும் மாட்டாள், அதட்டவும் மாட்டாள்.

“ரெண்டு மணின்னு சொன்னீங்களே மேடம்” என்றேன்.

“முதல்ல போக வேண்டிய பட்டறையைத் திறக்கவே இல்ல. அதான் இங்க வந்துட்டேன். கழிவுக் குழாயைத் திறங்க, சாக்கடைக்குப் போற இடத்துல பிடிக்கணும்.”

தங்கை முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டு நாள் தூக்கமில்லாத முகம். தட்டுகளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“திறங்கண்ணா” என்றாள். “போதும்.”

மாஸ்டர் தாங்கியிலிருந்த குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார்.

“இன்னும் பச்சை இருக்கு.”

“அது ஏழு மணித் தண்ணி. இப்ப ஒன்பதரை. ரெண்டரை மணி நேரம் ஆகியிருக்கு. இப்ப உள்ளதான் இருக்கும். திறங்க.”

“ரெண்டரை மணி நேரமா வெயிலே இல்ல.”

“மேகம் இருந்தாலும் வெளிச்சம் வரும்ணா. நான் கணக்குப் போட்டுட்டேன். என்னை விட உங்களுக்குத் தெரியுமா?”

“கணக்கு எனக்குத் தெரியாது. கலர் தெரியும்.”

“எடுக்க விடலன்னா, மறுத்துட்டாங்கன்னு எழுதுவேன்” என்றாள் பாட்டிலம்மா. “அதுக்கும் பூட்டுதான்.”

அக்கா, “என்னங்க, அதுதான் படிச்ச பொண்ணு, அது சொல்றதைக் கேளுங்க” என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். இத்தனை நாளாகத் தங்கை பேச்சைக் கேட்காத மனுஷர், கேட்க வேண்டிய நேரத்திலும் கேட்க மாட்டேன் என்று நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாஸ்டர் அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினார்.

“மேடம், நீங்க சாக்கடைக்குப் போற தண்ணியைத்தானே பிடிக்கணும்? நான் இன்னும் விடவே இல்ல. விடாத தண்ணியை எப்படிப் பிடிப்பீங்க? நாலு மணிக்குத் திறப்பேன். அப்பவும் திறக்கலன்னா நீங்க பூட்ட வேண்டாம், நானே பூட்டிச் சாவியைக் கையில தர்றேன்.”

அவள் தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். பொடியில் சுற்றும் குமிழைக் குனிந்து பார்த்தாள்.

“எனக்கு இன்னும் மூணு இடம் இருக்கு. நாலுன்னா நாலு. அஞ்சு நிமிஷம் தள்ளுனா எழுதிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் தங்கை பேசிய பேச்சை எழுத முடியாது. கடைசியில் ஒரு காலி பாட்டிலை எடுத்து, அந்தத் தட்டுத் தண்ணீரை நிறையப் பிடித்து, ‘காலை 9.40’ என்று எழுதி ஒட்டினாள். “காலேஜ்ல பார்த்துக் காட்டுறேன். இது இருநூத்தைம்பதுக்குள்ள இருக்குன்னு நிரூபிச்சுக் காட்டுறேன். அன்னிக்கு என்ன சொல்லுவீங்கன்னு பார்க்கிறேன்” என்றாள்.

பதினொரு மணிக்கு மேகம் விலகியது. பன்னிரண்டுக்கு மறுபடி மூடியது. ஒன்றுக்குச் சுள்ளென்று அடித்தது. மூன்று பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் பின்கட்டுத் தட்டுகளின்மேல் ஏறத் தொடங்கியது. தளும்பாமல், சிந்தாமல், ஒரு தட்டுக்கு நான்கு பேராகப் பிடித்து வெயில் பக்கம் நகர்த்தினோம். நான் அந்த ஆறு தட்டையும் தூக்கியதில் பிடித்த இடுப்பு ஒரு வாரம் விடவில்லை. ஒன்றரைக்கு எடுத்த குழாய் மூன்றரைக்கு வெந்தது. மாஸ்டர் வாசலுக்குப் போனார். இந்த முறை சீக்கிரம் திரும்பினார்.

“ம்” என்றார். பாட்டிலம்மா நாலுக்கு மூன்று நிமிஷம் முன்னால் வந்தாள். அவரே குனிந்து கழிவுக் குழாயைத் திறந்தார்.

கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. அன்றைக்கு லீவு நாள், தங்கையும் வந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் இடையில் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. தபால்காரர் என் கடையில்தான் கொடுப்பார். சந்துக்கு வந்து நின்று படித்தேன். லிட்டருக்கு இருநூற்று முப்பத்தெட்டு. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. நடவடிக்கை கைவிடப்படுகிறது.

அக்கா வாளியைக் கீழே வைத்து அதன் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவி என்று சொல்லிக்கொண்டேன்.

தங்கைதான் முதலில் பேசினாள். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி தெளிவாக, கணீரென்று பேசினாள்.

“அண்ணா, அந்த ஒன்பது நாப்பது பாட்டிலை மறுநாளே பார்த்துட்டேன். இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு. நான் சொன்னப்ப திறந்திருந்தா அன்னிக்கே பூட்டியிருப்பாங்க. நான் சொன்னது தப்பு. நீங்க பார்த்ததுதான் சரி.”

பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்த இரண்டு ஆட்களும் கையை நிறுத்தினார்கள். மாஸ்டர் அவர்களைப் பார்த்தார். எழுந்து போய்ச் சந்துக் கதவைச் சாத்தினார். பிறகு தெருப்பக்கம் என் கடை ஷட்டரையும் பாதி இறக்கினார், என்னைக் கேட்காமலேயே.

“மெதுவாப் பேசு.”

“எதுக்கு?”

“உள்ள ஆள் இருக்கு. தெருவுல போறவங்க காதுல விழும்.”

“விழட்டுமே. ரெண்டு வாரமா டீக்கடையில, தையல் கடையில, இதோ இந்தக் கடையில நின்னு என் படிப்பைக் கிழி கிழின்னு கிழிச்சீங்க. எருமையை விடக் கேவலமாப் பேசுனீங்க. இப்ப நானே ஒத்துக்கிறேன், தப்புன்னு. இதுல உங்களுக்கு என்ன?”

“அது நான் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது.”

அவள் அங்கேயே உட்கார்ந்து தோளிலிருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குரலை நன்றாகத் தாழ்த்திச் சொன்னாள்.

“நோட்டுல எழுதிட்டேன்ணா. அதை மறைக்கக் கூடாது.”

“எழுதினா எழுதிக்க” என்றார் மாஸ்டர். “சத்தமாப் படிக்காத.”